இழுவைக் கேரவனுக்குச் சின்னச் சின்ன மராமத்து

பிரிட்டனில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் விடுமுறைக் கேரவனில் சில வேலைகளை நாமே செய்யலாம். கவனிக்க வேண்டியவை:

1. புதிதாக எதைச் சேர்த்தாலும் எடை போட்டுப் பாருங்கள். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையை மீறி ஓட்டுவது குற்றம்.

2. கனமான சாமான்களைத் தரையோடு, சக்கர அச்சையொட்டி வையுங்கள். பின்பக்கம் பாரம் கூடினால் வண்டி வாலாட்டும்.

3. சுவரில் ஸ்க்ரூ போடாதீர்கள். ஒட்டும் கொக்கி போதும். உள்சுவர் மெல்லிய பிளைவுட், பாரம் தாங்காது.

4. ஜன்னலுக்குக் கீழே, மூலைகளில் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே மழைநீர் இறங்குகிறது.

5. இணைப்புகளை அடைக்க பியூட்டைல் சீலன்ட் பயன்படுத்துங்கள். சிலிக்கான் பூசினால், பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது.

6. ஹாலஜன் பல்புகளைக் கழற்றி 12 வோல்ட் எல்.இ.டி. மாட்டுங்கள். 10 வாட் தந்த வெளிச்சத்துக்கு 2 வாட்டே போதும்; பேட்டரி நீடிக்கும்.

7. தரைவிரிப்பு மாற்றும்போது தரையிலுள்ள காற்றுத் துளைகளை மூடாதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கும்; அந்தத் துளைகள்தான் அது வெளியேறும் வழி.

8. ஜன்னலைச் சோப்புத் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். அது அக்ரிலிக், கண்ணாடி துடைக்கும் திரவம் பட்டால் மயிரிழை விரிசல் விழலாம்.

கேஸ் குழாய், 230 வோல்ட் வயரிங் இரண்டிலும் கை வைக்காதீர்கள். தேர்ச்சி பெற்றவரை அழையுங்கள்.