மன்னர் போன நாள் எது?

‘1789-இல் பிரான்ஸ் மன்னரை ஒழித்தது, 1917-இல் லெனின் ஜார் மன்னரை விரட்டினார், 1947-இல் நாம் குடியரசானோம்.’ மேடைகளிலும் போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் இப்படி அடிக்கடி கேட்கிறோம். மூன்றிலும் பிழை இருக்கிறது. புரட்சி, விடுதலை, குடியரசு ஆகியவை தனித்தனி நிகழ்வுகள். அவற்றை ஒன்றாகக் குழைத்தால், எந்த மாற்றத்தை யார் கொண்டுவந்தார்கள் என்பதே மறைந்துபோகும்.

நம்பிக்கை 1: 1789 புரட்சியோடு பிரான்சில் முடியாட்சி முடிந்தது.

உண்மை: பாஸ்டில் சிறை வீழ்ந்த பிறகும் பதினாறாம் லூயி மூன்று ஆண்டுகளுக்கு மேல் மன்னராகவே நீடித்தார். 1791-இல் வந்த அரசியல் சட்டம் அவருடைய அதிகாரத்தைக் குறைத்ததே தவிர, அவரை நீக்கவில்லை. 1792 செப்டம்பர் 21 அன்றுதான் முடியாட்சி சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை. 1804-இல் நெப்போலியன் பேரரசரானார். 1814-இல் பழைய பூர்பன் வம்சம் திரும்பியது. 1830-இல் லூயி பிலிப் மன்னரானார். 1848-இல் மீண்டும் குடியரசு வந்தது. நான்கே ஆண்டுகளில் மூன்றாம் நெப்போலியன் பேரரசரானார். பிரஷ்யாவிடம் அவர் தோற்றுச் சிறைப்பட்டபின், 1870 செப்டம்பர் 4 அன்று பாரிசில் குடியரசு அறிவிக்கப்பட்டது. அதன்பின் பிரான்சில் மன்னரும் இல்லை, பேரரசரும் இல்லை.

நம்பிக்கை 2: ஜார் மன்னரை வீழ்த்தியவர் லெனின்.

உண்மை: 1917 மார்ச்சில் பெட்ரோகிராடில் ரொட்டிக்காகத் தெருவில் இறங்கிய பெண் தொழிலாளர்களிடமிருந்து அந்த எழுச்சி தொடங்கியது. அவர்களைச் சுட மறுத்த படைவீரர்கள் மக்கள் பக்கம் சேர்ந்தார்கள். மார்ச் 15 அன்று இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தார். மறுநாள் அவருடைய தம்பி மிகைலும் அரியணையை ஏற்க மறுத்தார். அப்போது லெனின் சுவிட்சர்லாந்தில் இருந்தார். செப்டம்பரில் ரஷ்யாவைக் குடியரசாக அறிவித்தது, ஜார் போனபின் அமைந்த கெரென்ஸ்கியின் இடைக்கால அரசு. நவம்பரில் லெனினின் போல்ஷெவிக்குகள் கவிழ்த்தது அந்த அரசைத்தான்.

நம்பிக்கை 3: விடுதலை நாளோடு பிரிட்டிஷ் முடியின் உறவும் அறுந்தது.

உண்மை: 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியா ஒரு டொமினியன், அதாவது பிரிட்டிஷ் முடியை ஏற்ற தன்னாட்சி நாடு. அதன் அரசர் ஆறாம் ஜார்ஜ். 1948 ஜூனில் ‘இந்தியப் பேரரசர்’ என்ற பட்டத்தை அவர் கைவிட்டாலும் அரசராகவே தொடர்ந்தார். கவர்னர் ஜெனரலாக மவுண்ட்பேட்டனும், அவருக்குப்பின் ராஜாஜியும் இருந்தது அந்த ஏற்பாட்டின்படிதான். 1950 ஜனவரி 26 அன்று ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானபோது அது முடிந்தது. பாகிஸ்தான் 1956 வரையிலும், இலங்கை 1972 மே 22 வரையிலும் முடியின் கீழ் இருந்தன. விடுதலை பெற்று 24 ஆண்டுகள் இலங்கைக்கு லண்டனில் இருந்தவரே அரசுத் தலைவர்.

நம்பிக்கை 4: இரத்தம் சிந்தாமல் எந்த மன்னரும் போனதில்லை, மன்னர்கள் போனதெல்லாம் பழங்கதை.

உண்மை: இத்தாலியில் 1946 ஜூன் 2 அன்று மக்களே வாக்களித்து முடியாட்சியை நீக்கினார்கள். இத்தாலியப் பெண்கள் நாடு தழுவிய வாக்கெடுப்பில் பங்கேற்றது அதுவே முதல் முறை. நேபாளத்தில் நீண்ட உள்நாட்டுப் போரும் 2006-இன் மக்கள் எழுச்சியும் முன்னால் நடந்தன. ஆனால் முடிவு வாக்கெடுப்பில்தான் எட்டப்பட்டது. 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை 560-க்கு 4 என்ற கணக்கில் குடியரசை அறிவித்தது. அரசர் ஞானேந்திரா சில நாட்களில் நாராயண்ஹிட்டி அரண்மனையை விட்டு வெளியேறி, குடிமகனாக அதே நாட்டில் வாழ்ந்தார். பார்படோஸ் 2021 நவம்பர் 30 அன்றுதான் இரண்டாம் எலிசபெத்தை அரசுத் தலைவர் நிலையிலிருந்து நீக்கியது.

நம்பிக்கை 5: குடியரசானால் எல்லோருக்கும் சம உரிமை தானாக வந்துவிடும்.

உண்மை: ஐந்திலும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். முடியின் கீழ் இருந்த காலத்தில் இலங்கையில் நடப்பிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்றது. அது இருந்தும் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. முடியின் நிழல் காக்கவில்லை. 1972-இல் வந்த குடியரசு அரசியலமைப்போ அந்தப் பிரிவையே கைவிட்டது. சிங்களத்தை ஆட்சிமொழியாக அரசியலமைப்பிலேயே எழுதி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. மொழி குறித்த தங்கள் கோரிக்கை ஏற்கப்படாததால் தமிழரசுக் கட்சியினர் அரசியல் நிர்ணய சபையிலிருந்து முன்பே விலகியிருந்தார்கள்.  மறுபுறம், மன்னர் இன்றும் இருக்கும் நார்வேயிலும் ஸ்வீடனிலும் மக்களாட்சி உறுதியாக நிற்கிறது. 1918-இல் பேரரசரை அனுப்பிய ஜெர்மனி 1933-இல் ஹிட்லரின் கைக்குப் போனது.

பிறப்பால் ஒருவர் நாட்டின் தலைவராவது நியாயமில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அரியணையை அகற்றுவது பாதி வேலைதான். ஒரு நாடு குடியரசான ஆண்டைப் படிக்கும் மாணவர் கூடவே மூன்று கேள்விகளையும் கேட்கப் பழக வேண்டும்: அந்த முடிவை எடுத்தவர் யார்? எந்தச் சட்டத்தால் எடுத்தார்? அந்தச் சட்டம் நாட்டின் சிறுபான்மையினருக்கு என்ன உறுதி தந்தது? மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் இருந்தால்தான் அந்த ஆண்டு கொண்டாடத் தக்கது.