வயற்பாசியின் பசையும் அதன் பயனும்

நெல் விதைத்துச் சில வாரங்களின் பின், வயலிற் தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் நீலப்பச்சை நிறமான படலம் பரவுவதைக் கமக்காரர் கண்டிருப்பர். இது நீலப்பச்சை அல்கா எனப்படும். கலத்திற் கரு இல்லாமையால் இன்று இது பற்றீரியாக்களுடன் சேர்க்கப்படுகின்றது. இவற்றுட் சில இனங்கள் வளியிலுள்ள நைதரசனைப் பதிக்கவல்லன. நெல்வயலின் நைதரசன் வளத்தில் இவற்றுக்குரிய பங்கினை 1939 ஆம் ஆண்டிற் பி. கே. டே என்பவர் எடுத்துக்காட்டினார்.

பசை யாது?

படலத்தைத் தொடும்போது விரலில் வழுக்கும் பசை பல்சக்கரைட்டு ஆகும். வெல்ல மூலக்கூறுகள் பல சங்கிலிபோல் இணைந்து உண்டாவது. இது நீரைப் பிடித்துவைத்துக் கலங்களை உலராது காக்கின்றது. நொசுத்தொக்கு என்னும் இனம் கோடையிற் கருகிய பொருக்காகக் கிடந்து, மழை பெய்ததும் ஊதி உயிர்பெறுவது இதனாலேயாம்.

பசையைக் கூட்டும் நிலைமைகள்

1. ஒளி: நல்ல வெயிலில் அல்கா ஒளித்தொகுப்பினால் மிகுந்த வெல்லத்தை ஆக்கும். வளர்ச்சிக்குப் போக எஞ்சுவதில் ஒரு பகுதி பசையாக வெளிப்படும். பயிர் அடர்ந்து நிழல் விழ இது குறையும்.

2. போசணை: புரதம் ஆக்க நைதரசன் வேண்டும். அது போதாவிடத்துப் பல இனங்களில் வளர்ச்சி தளரும். வெல்லமோ தொடர்ந்து உண்டாகிப் பசையாகச் சேரும். பொசுபரசு மிகக் குறையின் அல்காவே பெருகாது.

இம்மாற்றங்கள் எல்லா இனங்களிலும் ஒரே அளவின அல்ல.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

பசை தடித்திருப்பதைக் கண்டு நைதரசன் மிகுந்துள்ளதென எண்ணி யூரியாவைக் குறைத்தல் தவறாகும். பசை பெரும்பாலும் வெல்லப்பொருளே. பதிக்கப்பட்ட நைதரசன் கலத்தினுள் இருப்பது. அல்கா இறந்து உக்கிய பின்னரே அதிற் பெரும்பகுதி பயிரைச் சேரும். எனவே பசளையின் அளவை மண் பரிசோதனையைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

யூரியாவை ஒரே முறையில் நீரின்மேல் வீசினால் அல்காவின் நைதரசன் பதித்தல் தடைப்படும். ஆதலின் சிபார்சு செய்யப்பட்ட அளவைப் பகுதி பகுதியாக இடுக. பொசுபரசுப் பசளையை அடிக்கட்டுப் பசளையாக இடுக.

படலம் மிதந்து இளநாற்றுக்களை அமிழ்த்துமாயின் நீரைச் சிறிது வடித்துவிடுக. அறுவடையின் பின் உலர்ந்த படலத்தை எரியாது உழுது புதைத்தல் நன்று. அதன் பசை மண்மணிகளை ஒன்றோடொன்று பிணைத்து, அடுத்த போகத்திற்கு ஈரத்தைப் பேணும்.