விண்வெளிக் கண்ணாடிக்கு யார் சான்று தருவது?

அரசாங்கம் ஒரு பாலம் கட்டுவதென்றால் டெண்டர் கோருகிறது. துறைமுகத்துக்கு ஒரு கிரேன் வேண்டுமென்றாலும் அப்படித்தான். வேலை முடிந்ததும் சோதனை நடக்கும். கிரேன் எவ்வளவு எடையைத் தூக்க வேண்டுமோ, அதைவிடக் கூடுதலான எடையைத் தூக்கிக் காட்டினால்தான் அதனை ஏற்றுக்கொள்வார்கள். பிறகு பழுது வந்தாலும் கவலையில்லை. ஏணி வைத்து மேலே ஏறிச் சரிசெய்ய ஆள் இருக்கிறது.

ஆனால் செய்யச் சொல்லும் பொருள் ஒரு விண்வெளித் தொலைநோக்கியாக இருந்தால்? அது பூமிக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் சுற்றப் போகிறது. அங்கே ஏணி வைக்க முடியாது. அப்படியானால் அது சரியாக இருக்கிறது என்று புறப்படும் முன்பே எப்படி உறுதி செய்வது? இந்தக் கேள்விக்கு விடை காண, நீங்கள் பள்ளி ஆய்வகத்தில் கையாளும் திருகு அளவியே நமக்கு உதவும்.

இருவகை ஒப்பந்தங்கள்

முதலில் ஒப்பந்தம் என்பதைப் புரிந்துகொள்வோம். சுவர் கட்டும் கொத்தனாரிடம் மொத்த வேலைக்கும் ஒரே தொகை பேசிவிடலாம். எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டு என்பது முன்பே தெரியும். குழாய்க் கிணறு போடுபவரிடம் அவ்வாறு பேச முடியாது. எத்தனை அடியில் தண்ணீர், எங்கே பாறை என்பது யாருக்கும் தெரியாது. எனவே ‘அடிக்கு இவ்வளவு’ என்று பேசுகிறோம்.

விண்வெளித் தொலைநோக்கி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதால், ஆகும் செலவைத் தந்து, அதற்கு மேல் ஓர் ஊதியமும் தருவது என்ற முறையிலேயே பெரும்பாலும் ஒப்பந்தம் அமைகிறது. அமெரிக்காவின் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு 2002இல் ஒப்பந்தம் ஆயிற்று. அது விண்ணில் ஏறியது 2021 டிசம்பர் 25 அன்று. செலவு சுமார் 1000 கோடி டாலர். ‘பாறை’ எத்தனை முறை குறுக்கிட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஹப்பிள் கற்றுத் தந்த பாடம்

1977இல் அமெரிக்காவின் நாசா, ஹப்பிள் தொலைநோக்கிக்கான வேலையைப் பகிர்ந்து கொடுத்தது. விண்கலத்தை லாக்ஹீட் நிறுவனமும், கண்ணாடி முதலிய ஒளியியல் பகுதிகளைப் பெர்கின்-எல்மர் நிறுவனமும் ஏற்றன. முதன்மைக் குழியாடியின் விட்டம் 2.4 மீட்டர். அது 1990 ஏப்ரல் 24 அன்று விண்ணுக்குச் சென்றது. இரண்டு மாதங்களுக்குள் அதிர்ச்சியான செய்தி வந்தது: படங்கள் மங்கலாக இருக்கின்றன!

காரணம், ஆடியின் விளிம்பு இருக்க வேண்டியதைவிட 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. உங்கள் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். இந்தப் பிழையோ அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒளியின் கணக்கு வேறு. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.55 மைக்ரான். ஒளி ஆடிக்கு வந்து, பட்டுத் திரும்பிச் செல்வதால் பாதையில் வேறுபாடு இரு மடங்காகி 4.4 மைக்ரான் ஆகிறது. அதாவது எட்டு அலைநீளங்கள். விளிம்பில் பட்ட ஒளியும் நடுவில் பட்ட ஒளியும் ஒரே இடத்தில் குவியவில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த ஆடி மிக மிக நுட்பமாக மெருகேற்றப்பட்டது. பின் எப்படிப் பிழை வந்தது? ஆடியின் வடிவத்தைச் சோதிக்க ‘நல் கரெக்டர்’ என்ற ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். ஆடி சரியான வடிவத்தை அடைந்ததும் அக்கருவி ‘பிழை பூச்சியம்’ என்று காட்டும். அந்தக் கருவியில் ஒரு லென்சு, இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. இடைவெளியை அளக்கும் கோலின் முனையில் பட வேண்டிய லேசர் ஒளி, அதன் மேலிருந்த மூடியில் வண்ணப்பூச்சு உதிர்ந்த ஓர் இடத்தில் பட்டுத் திரும்பியதே காரணம். தவறான கருவி ‘சரி’ என்று சொல்லும் வரை ஆடியைத் தேய்த்தார்கள். ஆடி கருவிக்குப் பொருந்தியது, வானத்துக்குப் பொருந்தவில்லை.

சுழிப் பிழையை நினைவிருக்கிறதா?

திருகு அளவியில் சுழிப் பிழை இருந்தால் என்ன ஆகும்? ஒரு கம்பியை நூறு முறை அளந்தாலும் விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியே இருக்கும். இதற்கு நுட்பம் என்று பெயர். ஆனால் நூறும் உண்மை அளவிலிருந்து ஒரே அளவு விலகியிருக்கும். அதாவது துல்லியம் இல்லை. சராசரி எடுத்தாலும் பயனில்லை. வேறொரு திருகு அளவியால் அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

ஹப்பிளிலும் வேறு கருவிகள் இருந்தன. எளிமையான இரண்டு சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டின. ஆனால் அவை நுட்பம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. நுட்பம் உள்ளதெல்லாம் துல்லியமானது என்று எண்ணியதன் விளைவு இது.

இங்கேதான் ஒப்பந்தம் முக்கியமாகிறது. அதே வேலைக்குப் போட்டியிட்ட கோடக், ஐடெக் என்ற நிறுவனங்கள், ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்ப்பது என்ற திட்டத்துடன் வந்திருந்தன. பெர்கின்-எல்மர் கேட்ட தொகை குறைவு. வேலை அதற்கே கிடைத்தது. மாற்று ஏற்பாடாகக் கோடக் தனியாக ஓர் ஆடியும் செய்து கொடுத்தது. ஆனால் இரண்டு ஆடிகளையும் ஒரே கருவியின் முன் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இரண்டாவது சோதனைக்கு ஆகும் செலவு அன்று வீண் செலவாகத் தோன்றியது.

1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் ஐந்து முறை விண்வெளியில் இறங்கி வேலை செய்து ஹப்பிளைச் சரிசெய்தார்கள். எப்படி? சுழிப் பிழை எவ்வளவு என்று தெரிந்தால் அதைக் கழித்துவிடலாம் அல்லவா? அதே போல், ஆடியின் பிழைக்கு நேர் எதிரான பிழை கொண்ட சிறு ஆடிகளைப் பொருத்தினார்கள். பிழை அவ்வளவு ஒழுங்கானதாக இருந்ததால்தான் இது முடிந்தது. அவ்வாண்டே, ஆடியைச் செய்த நிறுவனமும் அப்பகுதியைப் பின்னர் வாங்கிய நிறுவனமும் அரசுக்கு 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன.

நமது ஆஸ்ட்ரோசாட்

இனி நம் நாட்டுக்கு வருவோம். எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஆஸ்ட்ரோசாட் புறப்பட்டது. எடை சுமார் 1500 கிலோகிராம்; சுற்றுப்பாதையின் உயரம் 650 கிலோமீட்டர். இதனைச் செய்ய ஒரே நிறுவனத்திடம் பெரிய ஒப்பந்தம் போடவில்லை. இஸ்ரோ விண்கலத்தை அமைத்தது. எக்ஸ் கதிர்க் கருவிகள் பலவற்றை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் செய்தது. புற ஊதாத் தொலைநோக்கியின் பொறுப்பைப் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் ஏற்றது. அதன் ஒளி உணர்விகள் கனடாவிலிருந்து வந்தன. கருவியைச் செய்தவர்களே அதைக் கொண்டு வானத்தை ஆராயவும் போகிறவர்கள். இது ஒரு நல்ல ஏற்பாடு. ஆயினும் செய்தவரே சான்றும் தந்தால் போதாது என்ற விதி இங்கும் பொருந்தும்.

புற ஊதாத் தொலைநோக்கியில் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆடிகள் இரண்டு உள்ளன. இவற்றுக்குப் பெரிய பகை அழுக்கு. வடசென்னையில் மாடியில் காயும் வெள்ளைத் துணியில் சாம்பல் படிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் அழுக்கு. ஆடியின் மீது கண்ணுக்கே தெரியாத எண்ணெய் ஆவிப் படலம் படிந்தாலும் அது புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். ஆகவே, ஓசக்கோட்டையில் இருக்கும் தூய அறையில் இத்தொலைநோக்கியை ஒன்று சேர்த்தார்கள். விண்ணுக்குச் சென்ற பிறகும் உடனே மூடியைத் திறக்கவில்லை. கலத்திலுள்ள ஆவியெல்லாம் வெளியேறட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்து, நவம்பர் 30 அன்றே திறந்தார்கள்.

பின்னர் அதனை எச்.இசட்.4 என்ற வெண்குறு விண்மீனின் பக்கம் திருப்பினார்கள். அந்த விண்மீனின் புற ஊதா ஒளி எவ்வளவு என்பது முன்பே பிற கருவிகளால் அளக்கப்பட்டிருந்தது. செய்தவர் கைக்கு எட்டாத ஓர் அளவுகோல் அது! படத்தின் கூர்மை 1.8 விகலை இருந்தால் போதும் என்று கேட்டிருந்தார்கள், 1.5 விகலையைவிட நன்றாகவே கிடைத்தது. சுமார் மூன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு நாணயத்தின் அகலம் நம் கண்ணில் அமைக்கும் கோணம்தான் அது. ராயபுரத்தில் நிற்பவருக்கு, தண்டையார்பேட்டையையும் தாண்டி வைத்த நாணயம்!

ஐந்தாண்டு ஆயுளுக்காகச் செய்த ஆஸ்ட்ரோசாட் அதன் பின்னரும் உழைத்தது. அதன் உதவியால் சுமார் 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் கடும் புற ஊதா ஒளியைக் கண்டறிந்ததாக 2020இல் அறிவியலாளர்கள் அறிவித்தனர்.

பட்டறையில் உள்ள விதி

திருவொற்றியூர்ப் பக்கம் லேத் பட்டறைகளில் இந்த விதியை நாள்தோறும் காணலாம். பெரிய தொழிற்சாலைக்காக உதிரிப்பாகம் கடைந்து தருபவர் தம் அளவியால் அளந்து திருப்தி அடைவார். ஆனால் அதை வாங்க வரும் இன்ஸ்பெக்டர் தம் கையில் தம்முடைய கேஜைக் கொண்டு வருவார். பட்டறைக்காரரை அவமதிப்பதாக இதற்குப் பொருள் இல்லை. இருவரும் ஒரே கருவியை நம்பினால், அந்தக் கருவியின் பிழையைக் காண யாருமில்லை என்பதே பொருள். அரசு ஒப்பந்தம் எழுதும்போது பொருளுக்கு மட்டுமன்றி, அந்த இரண்டாவது கேஜுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் மக்களின் வரிப்பணம் அல்லவா?

செய்து பாருங்கள்

உங்கள் ஆய்வகத்திலுள்ள இரண்டு திருகு அளவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பியின் தடிமனை ஒவ்வொன்றாலும் பத்து முறை அளந்து, சுழித் திருத்தம் செய்யாமலே சராசரி காணுங்கள். இரண்டு சராசரிகளும் ஒத்திருக்கின்றனவா? இல்லையென்றால் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு சுழிப் பிழையைக் கண்டு திருத்துங்கள். முதல் அளவி ஒன்றே உங்களிடம் இருந்திருந்தால், சுழியைச் சோதிக்காமலே அந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? உங்கள் விடையைக் காரணத்துடன் ஏட்டில் எழுதுங்கள்.