மாடித் தொட்டியும் தேனீயும்

எண்ணூரில் கொசத்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அங்கே நிலம் மணற்பாங்கானது; காற்றிலும் உப்பு மிகுதி. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து அக்கழிமுகத்தில் பரவிற்று. இத்தகைய இடத்தில் செடி வளர்ப்போர்க்குத் தொட்டியே ஏற்றது. வேர் கொள்ளும் மண்ணைத் தாமே தேர்ந்து இடலாம் அன்றோ?

செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கழுவிய தென்னைநார்க் கழிவும் கலந்து தொட்டியை நிரப்புதல் வேண்டும். அடியில் துளை இல்லையேல் நீர் தேங்கி வேர் அழுகும், உப்பும் வெளியேறாது. துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி ஆகியவை இவ்வாறு நன்கு வளரும். நித்தியகல்யாணி உப்புக்காற்றையும் தாங்கும்.

மருந்துக்கு இலை வேண்டுவோர் துளசியின் கதிரைக் கிள்ளிவிடுவர். இலை தழைக்க அது நல்ல முறையே. ஆயினும் எல்லாக் கதிரையும் கிள்ளிவிட்டால் தேனீக்கு எஞ்சுவது யாது? ஒரு தொட்டியை இலைக்கும் மற்றொன்றைப் பூவுக்கும் விடுதல் தக்கது. அருகே பாகற்கொடி இருப்பின் இதன் பயன் விளங்கும். பாகலில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தம் கொணரும் தேனீ வாராவிடின் பிஞ்சு வெம்பி உதிரும்.

செடியில் அசுவுணி கண்டால், தேனீக்கள் கூடு திரும்பிய மாலைப் பொழுதிலேயே வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தல் வேண்டும்.