விஷம் வைத்திருப்பவர் விவரம் சொல்ல வேண்டாமா?



நம் குழுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவை வாசித்துக் காட்டுகிறோம். ஏன்? அது எல்லாருடைய பணம். ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அதே மாதிரி, ஊர்ப் பக்கத்தில் ஒரு கம்பெனி விஷப்பொருளை வைத்திருந்தால் அந்த விவரமும் ஊருக்குத் தெரியணும். ஏன்னா, அது எல்லாருடைய உயிர். இதை நாட்டுக்கே பாடமாக்கிய ஊர், மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபால்.

என்ன நடந்தது?

அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கம்பெனிக்குப் போபாலில் பூச்சிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. மருந்து தயாரிக்க மீத்தைல் ஐசோசயனேட் என்ற கொடிய விஷத் திரவத்தைத் தொட்டிகளில் சேமித்து வைத்திருந்தார்கள். அதில் தண்ணீர் கலந்தால் சூடேறிப் பொங்கி வாயுவாகிவிடும்.

1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு ஒரு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நள்ளிரவுக்குப் பிறகு சுமார் 40 டன் விஷவாயு வெளியேறி, பக்கத்துக் குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மேல் கவிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அரசு முதலில் சொன்ன சாவுக் கணக்கு 2,259. பின்னாளில் 5,000-க்கும் மேற்பட்ட சாவுகளுக்கு இழப்பீடு தரப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

கம்பெனி எங்கே தவறியது?

வாயு கசிந்தால் தடுக்க அங்கே கருவிகள் இருந்தன. ஆனால் திரவத்தைக் குளிர வைக்கும் இயந்திரம் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி விஷத்தை முறிக்கும் கருவி அந்த அளவு வாயுவைத் தாங்கவில்லை. வாயுவை எரித்துவிடும் கோபுரம் பழுதுபார்ப்பில் கிடந்தது. செலவைக் குறைக்க ஆட்களையும் குறைத்திருந்தார்கள்.

இது திடீரென்று வந்ததும் இல்லை. 1981-லேயே வேறொரு விஷவாயு பட்டு அங்கே ஒரு தொழிலாளி இறந்தார். 1982-ல் அமெரிக்காவிலிருந்து வந்த கம்பெனியின் சொந்த நிபுணர்களே குறைகளை எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், ஆபத்து வரப்போகிறது என்று எழுதினார். யாரும் காதில் வாங்கவில்லை.

யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீர் விட்டதுதான் காரணம் என்று கம்பெனி சொன்னது. தண்ணீர் எப்படி வந்திருந்தால் என்ன? தடுப்புக் கருவிகளைச் சரியாக வைத்திருப்பது யார் பொறுப்பு? ஈரத்துணியால் முகத்தை மூடுங்கள், காற்று போகும் திசையில் ஓடாதீர்கள் என்று இரண்டு வார்த்தை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால்கூட பல உயிர் தப்பியிருக்கும்.

பெண்கள் எழுந்தார்கள்

1989-ல் 47 கோடி டாலருக்கு அரசும் கம்பெனியும் உடன்பாடு செய்துகொண்டன. பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். ஆயுசுக்கும் மருந்து வாங்க அது எந்த மூலைக்கு? இந்தியக் கிளையின் 7 அதிகாரிகளுக்கு 2010-ல்தான் தண்டனை அறிவிக்கப்பட்டது, அதுவும் 2 ஆண்டு.

ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா இருவரும் விஷவாயுவால் குடும்பத்தினரை இழந்தவர்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. எழுதுபொருள் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்தபோது சந்தித்து, பெண்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார்கள். 1989-ல் போபாலிலிருந்து டெல்லிக்கு சுமார் 750 கிலோமீட்டர் நடந்தே போய் நியாயம் கேட்டார்கள். 2001-ல் டவ் கெமிக்கல் கம்பெனி யூனியன் கார்பைடை வாங்கியபோது, "எங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்றது. பெண்கள் விளக்குமாற்றைக் கையில் எடுத்துப் போராடினார்கள். 2002-ல் டெல்லியில் 19 நாள் உண்ணாவிரதம். 2004-ல் உலக அளவிலான கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அந்தப் பணத்தில், பாதிப்போடு பிறந்த குழந்தைகளுக்காகச் சிங்காரி அறக்கட்டளை தொடங்கினார்கள்.

ஆலை மூடினாலும் விஷம் போகவில்லை. கழிவு மண்ணில் இறங்கி நிலத்தடி நீர் கெட்டது. நல்ல குடிநீர் கொடுக்க 2004-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அங்கே கிடந்த 337 டன் கழிவை எடுத்துப்போய் எரித்து முடித்தது 2025-ல்தான்!

நாம் என்ன கேட்கலாம்?

கம்பெனி வந்தால் வேலை கிடைக்கும், உண்மைதான். வேலையும் வேணும், உயிரும் வேணும். பக்கத்தில் ரசாயன ஆலை இருந்தால், அல்லது நம் வீட்டுப் பெண்கள் அங்கே வேலைக்குப் போனால், இவற்றைக் கேளுங்கள்:

1. உள்ளே என்ன பொருள், எவ்வளவு இருக்கிறது?
2. சங்கு ஊதினால் என்ன அர்த்தம்? எந்தப் பக்கம் போகணும்?
3. ஒப்பந்தக் கூலிக்கும் கையுறை, முகக்கவசம், பயிற்சி உண்டா?
4. கழிவுநீர் எங்கே போகிறது?

கிராம சபையில் கேட்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுக் கொடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்டால், அரசு அலுவலகம் 30 நாளுக்குள் பதில் தரணும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்துக்குள்.

தனியாகக் கேட்டால் "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்பார்கள். குழுவாகக் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் பதில் சொல்லியே ஆகணும். அடுத்த கூட்டத்தில் இந்த நான்கு கேள்விகளையும் வாசித்துப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.