மழைத்தீவில் மடிநோய்

மடிநோய்க் கிருமி பெரும்பாலும் காம்புத் துளை வழியாகவே உள்ளே போகிறது. கறந்து முடித்ததும் அந்தத் துளை உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை திறந்திருக்கும். அதற்குள் மாடு ஈரத்தரையில் படுத்தால் வினைதான். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. மே தொடங்கி டிசம்பர் வரை கொட்டகைத் தரை காய்வதே அரிது. மரத்தூள் பரப்பினால் காயும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நனைந்த மரத்தூளில் கிளெப்சியெல்லா என்ற கிருமி பெருகும். கறந்த கையோடு தீவனம் வைப்பதே மேல். மாடு தின்றபடி நிற்கும், துளையும் மூடிவிடும், காசு செலவில்லை.

விரலில் பாலையோ எச்சிலையோ தொட்டுக்கொண்டு கறப்பதும், கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்குவதும் கெட்ட பழக்கங்கள். நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியில்தான் கறக்க வேண்டும்.

முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் திரியோ நீர்த்த பாலோ தெரியும். வெளியே எதுவும் தெரியாத நோய்தான் பெரிய திருடன்: மடி வீங்காது, பால் மட்டும் குறையும். இதைப் பிடிக்கச் சலவைத்தூளே போதும். 100 மி.லி. தண்ணீரில் 3 கிராம் கரைத்து, ஒரு காம்பின் பாலுடன் சம அளவு சேர்த்து, தட்டில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோயுள்ள பால் கஞ்சிபோல் குழகுழத்துத் திரளும். நான்கு காம்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கடல் கொந்தளித்துக் கப்பல் ஓடாத நாளில் மருத்துவர் வர வழியிருக்காது. அப்போது கொல்லையில் இருக்கும் சோற்றுக்கற்றாழை கைகொடுக்கும். கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் விழுது சிவக்கும். மடியில் உள்ள பாலை ஒட்டக் கறந்து, கழுவி, நீர் விட்டுத் தளர்த்திய விழுதை ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை பூசலாம். காய்ச்சல் அடித்தாலோ, மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ விழுதை நம்பியிருக்கக் கூடாது. எப்பாடு பட்டாவது மருத்துவரைப் பிடிக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் வீக்கம் வடிந்ததுமே நிறுத்தாமல், சொன்ன நாள் முழுவதும் போட வேண்டும். மருந்துச் சீட்டில் குறித்த நாள் கழியும்வரை பாலை விற்கக் கூடாது. கறவை வற்றும்போது காம்புக்குள் ஏற்றும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடிக்குள் ஊறிவிட்ட பசு எத்தனை ஊசிக்கும் பெரும்பாலும் முழுதாய்த் தேறுவதில்லை. அதைச் சந்தடியில்லாமல் பக்கத்து வீட்டுக்கு விற்றால், நோயும் கயிற்றோடு சேர்ந்து போய்விடும்.