கோப்பெங் லோரிக்கார அண்ணனுக்கு



உங்கள் பழைய மூன்று டன் லோரி தண்ணீர் குடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். காலையில் பார்த்தால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி இறங்கினால் ரேடியேட்டரில் ஒன்றரை லிட்டர் குறைகிறது. பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஒழுகும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் சாமான் மாற்றினால் காசுதான் கரையும்.

தரை காய்ந்திருப்பதே ஒரு துப்பு. என்ஜின் சூடானால்தான் உள்ளே அழுத்தம் ஏறும். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று போட்டிருந்தால், அதுவரை அழுத்தத்தை விடாமல் பிடித்துவைத்து, தண்ணீரின் கொதிநிலையை 118 டிகிரி அளவுக்கு உயர்த்தும். அந்த அழுத்தத்தில் திறக்கும் வெடிப்பு, என்ஜின் ஆறியதும் மூடிக்கொள்ளும். வெளியே கசிந்ததும் சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடும். மலைமேல் நிலைமை இன்னும் மோசம். 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால், ஏற்றத்தில் பாதித் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் போய்விடும். ஆகவே முதலில் மூடியைப் பாருங்கள். மாற்றுவதானால் அதே எண்ணில் வாங்குங்கள். எண்ணைக் கூட்டினால் பழைய ஹோஸ் தாங்காது.

மூடி நன்றாக இருந்தால், என்ஜினைக் கழுவிக் காயவைத்து, ஆறிய நிலையிலேயே ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு டெஸ்டரை மாட்டி, மூடியில் உள்ள எண் வரை காற்று அடிக்கச் சொல்லுங்கள். கால்மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் டார்ச் எடுத்துக்கொண்டு குனிய வேண்டியதுதான். ஹோஸ் நுனிகளில் கிளிப்புக்கு அடியில் வெள்ளையாகவோ துருநிறமாகவோ காய்ந்த தடம் இருக்கிறதா? எண்ணெய் பட்டு ஊறிய ஹோஸ் அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும், அதை மாற்றுங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே ஈரம் தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். சிலர் அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்துவிடுவார்கள். அப்புறம் தண்ணீர் பேரிங்குக்குள் போய் பம்பையே சாப்பிட்டுவிடும். முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால்தான் கவலை. எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் நிறமாகியிருந்தாலோ, என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

மஞ்சள் தூள் போட்டுப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்! நம் லோரிக்காரர்களின் பழைய கைவைத்தியம் அது. பக்கத்துப் பட்டறை வரை போய்ச்சேர உதவும், அவ்வளவுதான். அதையே நம்பி ஓட்டினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் நாட்டில் தண்ணீர் உறையாது, கூலண்ட் எதற்கு என்று பைப்புத் தண்ணீரையே ஊற்றி ஓட்டுகிறோம். வழியில் சுண்ணாம்புக் குன்றோரத்து ஊற்று நீர் கிடைத்தால் அதையும் ஊற்றுகிறோம். வெறும் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், சுண்ணாம்பு நீர் உள்ளே படிந்து சூட்டை வெளியே விடாது. என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடிகள் உள்ளிருந்தே அரித்துத் துளையாவது இப்படித்தான். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் மூடி ஒழுகினால் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டிவரும், அந்தக் கூலியை நினைத்துப் பாருங்கள். கூலண்டில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம். சுத்திகரித்த தண்ணீரில் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

ரேடியேட்டரே ஒழுகினாலும் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். பித்தளையில் செய்த பழைய ரேடியேட்டர் என்றால் பற்றவைத்து அடைக்கலாம். அந்தப் பற்று காரீயமும் வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயத்தால் பிழைத்த கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய வகை என்றால் மாற்றத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும் மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்துவைத்தே என்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். தெர்மோஸ்டேட் திறந்து மேல் ஹோஸ் சூடானதும் மட்டத்தைச் சரிசெய்து மூடிவிடுங்கள். சூடான என்ஜினில் அதன் பிறகு மூடியைத் தொடக்கூடாது. வடித்த பழைய கூலண்டைத் தட்டில் அப்படியே விட்டுவிடாதீர்கள். அது இனிக்கும், நாய் நக்கினால் பிழைப்பது அரிது.

அன்புடன்,
உங்கள் தம்பி